இரண்டு மில்லிமீட்டர்

ஐந்தரைக்கு ரொட்டிக்கடையின் பின்கதவு வழியே வெளியே வருகிறேன்.
முந்நூற்றிருபது பகெத் முடிந்தது, புருவத்தில் மாவு.
ஸ்கூட்டர் பெட்டிக்குள், துண்டில் சுற்றி,
பன்னிரண்டு வயதுக் கேமரா.

ஊருக்குப் பெயர் மனபனி.
ஒரு ப் கூடுதலாய்ப் போட்டால்
மனத்துக்குள் பனி இறங்கிவிடும்.
ரெயூனியனின் இந்தத் தென்கரையில் ஏது பனி?
கறுத்த எரிமலைப் பாறை, உப்புச் சாரல்,
விழுதூன்றி நிற்கும் தாழைகள்.
வாகுவா என்பான் கூட வேலை செய்யும் நாகப்பின்.
தாழை என்பேன் நான்.
இருவரையும் ஒரே முள்தான் கிழிக்கிறது.

மாக்ரோ லென்ஸின் விலையை ஒருமுறை கேட்டேன்.
இரண்டு மாத வாடகை.
மரியாதையாய்த் தலையசைத்துவிட்டு
ஒன்பது யூரோவுக்கு ஒரு வளையம் வாங்கி வந்தேன்.
பழைய ஐம்பது மில்லிமீட்டரைக் கழற்றி
முகம் உள்ளே, முதுகு வெளியே என்று பூட்டினால்
கல்யாண கோஷ்டிகளையே பார்த்துப் பழகிய கண்ணாடி
திடீரென்று கொசுவின் கால்மயிரை எண்ணத் தொடங்கும்.
தானாய்க் குவியாது. உள்ளே இருட்டு வேறு.
ஃபிளாஷ், சேன்-பியேர் சனிச்சந்தையில் கிடைத்தது.
அதன் தலையில் கவிழ்த்திருப்பது தயிர் டப்பா.
மொட்டை வெளிச்சம் செதிலில் ஆணியடிக்கும்,
தயிர் டப்பா வழியே வந்தால்
தடவிக் கொடுக்கும்.

இவ்வளவு கிட்டத்தில்
தெளிவு என்பது இரண்டு மில்லிமீட்டர்.
அதற்கு முன்னும் பனி, பின்னும் பனி.
ஆக, இருக்கிறதுதான் இந்த ஊரில்.

வளையத்தைத் திருகிப் பயனில்லை, உடம்பைத்தான் நகர்த்த வேண்டும்.
முழங்காலில் முழங்கை ஊன்றி
முன்னே ஒரு மயிரிழை,
பின்னே ஒரு மயிரிழை.
இது எனக்கு வரும்.
அடுப்புக்குள் பலகையை நீட்டி
ரொட்டிக்குத் தெரியாமல் உருவுகிற அதே அசைவு.
மூச்சு பாதி போன இடத்தில் அழுத்தம்.
கடற்காற்று மட்டும் யார் சொல்லியும் கேட்காது.
இரண்டு வீச்சுக்கு நடுவே
மடல் ஒரு கணம் சும்மா இருக்கும், அதற்காகக் கால் மரத்துப் போகும்.

வெயில் மூன்றாவது மடலைத் தொட்டதும்
வந்தது.
பச்சை.
முதுகில் யாரோ மிளகாய்த்தூள் உதறியிருந்தார்கள்.
இந்தக் கரையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லையாம்,
வண்டி நிறுத்துமிடத்துப் பலகை சொல்கிறது.
அதற்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.
ஓர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நின்றபடி எடுத்தால் அது பல்லி.
மண்டியிட்டு அதன் மட்டத்துக்கு இறங்கினால்
எதிரே யாரோ ஒருவர்.
கண்ணைப் பிடிக்க வேண்டும்.
கண் தப்பினால்
வால் நுனிவரை கூராக விழுந்தாலும்
பாடம் செய்த உடல்தான்.

நூற்றுப் பதினாறு படங்கள்.
தொண்ணூறு, வெறும் பச்சைச் சலவை.
எல்லாவற்றிலும் மேல் இடது மூலையில்
வழக்கமான புள்ளி, சென்சாரில் மாவு.

ஒன்றில் நாக்கை நீட்டித்
தன் கண்ணைத் தானே துடைக்கிறது.
இமை இல்லாத பிராணி, வேறென்ன செய்யும்.
ஒரு நிமிடம் முன்புதான் நானும்
சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்திருந்தேன்.
நாகப்பின் திரையை விரித்து விரித்துப் பார்த்தான்.
கண்ணின் கருமையில் ஒரு வெள்ளை வட்டம்.
பகலில் எப்படி நிலா, என்றான்.
தயிர் டப்பா என்று சொல்ல மனம் வரவில்லை.

இன்னொன்று, தவறிப்போனது.
கண்ணைக் குறிவைத்தேன், தூக்கம் முன்னே சாய்த்துவிட்டது.
அந்த இரண்டு மில்லிமீட்டர் போய் விழுந்த இடம்
முள் நுனியில் ஓர் எறும்பு.
தாடையில் ஒற்றை மகரந்தம்,
கொம்பில் ஒட்டிய உப்பு,
ஆறு காலில் ஒன்று மட்டும் அந்தரத்தில்.
பின்னால் உலகின் அபூர்வம்
பச்சைப் புகை.

மாவு பிசையும் இயந்திரத்துக்கு மேலே
இப்போது ஒட்டியிருப்பது அந்த எறும்பு.
நாளை காற்று குறைவு என்கிறது வானிலை.
டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.